ஈரச் சாக்குக்குள் குளிர்தண்ணி

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பின், காலணிக்குள் என்னென்ன பொருள்கள் அடங்கியுள்ளன என்று எழுதித் தரும் பணி எனக்கு வாய்த்தது. ஆம்பூரில் உள்ள ஒரு தொழிலகம் படைவீரர்களுக்கான உயரக் காலணிகளைச் செய்து அனுப்பிவந்தது. ஒவ்வொரு சரக்கோடும் ஓர் உறுதிமொழி உடன்வர வேண்டும் என்பது படைத்துறையினர் விதித்த கட்டுப்பாடு. தோலைப் பதனிட்ட உப்பு எது, ஒட்டுப்பசையில் கரைந்திருப்பது எது, அடிப்பகுதியை வார்க்கும் அச்சில் தெளிப்பது எது, இறுதியில் கறை துடைப்பது எது, அவற்றுள் உடலுக்கு ஊறு செய்வன எவை என்று எல்லாவற்றையும் அதில் சொல்ல வேண்டும். வானின் ஓசோன் படலத்தை அரிக்கும் பொருள் எதுவும் இக்காலணியிலோ இதைச் செய்த கூடத்திலோ இல்லை என்பது அதன் கடைசி வரி. அவ்வரிக்குக் கீழே என் கையொப்பம் இருக்கும்.

காட்பாடியிலிருந்து காலைத் தொடர்வண்டியில் செல்வேன். குடியாத்தத்தில் ஓர் இணையர் ஏறுவர். கணவர் எங்கள் தொழிலகத்தின் வேதிப்பொருள் களஞ்சியத்துக்குப் பொறுப்பாளர். கைலி நெய்யும் குடும்பத்தில் பிறந்து, தறியை அண்ணனிடம் விட்டுவிட்டு இளமையிலேயே தோல் தொழிலுக்கு வந்தவர். மனைவி உழவர் குடும்பத்துப் பெண். முடித்த காலணிகளில் பசைக்கறையைத் துடைத்து மெருகேற்றும் கூடத்தில் முதல் மேசை அவருடையது. இருவரும் இத்தொழிலகத்தில்தான் ஒருவரையொருவர் கண்டு மணந்துகொண்டனர். சாளரத்தருகே இடம் கிடைத்தால் மனைவியை அமர்த்திவிட்டு, கணவர் உணவுப் பையோடு எதிரே நின்றுகொண்டு வருவார். பச்சகுப்பம் தாண்டியதும் காற்றில் தோல் மணம் ஏறும். வண்டியில் எவரும் மூக்கைச் சுளிப்பதில்லை. இறங்கும் இடம் நெருங்கிவிட்டதென்று பைகளை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வர், அவ்வளவுதான்.

வேதியியலைத் தமிழிலேயே சொல்லிப் பழகிய நாக்கு எனது. கரைப்பான், ஒட்டுப்பசை, ஆவியாதல் என்று நான் பேசுவது கூடத்துப் பெண்களுக்குப் பெரும் வேடிக்கை.

"சார் பேசினா காத்தால ரேடியோல செய்தி படிக்கற மாதிரி இருக்குது" என்பார் அந்த அம்மையார். "முடிஞ்சதும் வானிலையும் சொல்லிடுங்க சார்."

அவர்களுக்கென்று வேறு பெயர்கள் இருந்தன. கறை துடைக்க முன்னர்ப் பயன்பட்ட கரைப்பானைக் குளிர்தண்ணி என்றனர். உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தால் பனிக்கட்டி பட்டதுபோல் சில்லிடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமற்போகும், நெடி கிடையாது. ஓசோனை அரிக்கும் பொருள் என்பதால் அது விலக்கப்பட்டது. இருப்பில் இருந்த குப்பிகள் விற்றவர்களிடமே திருப்பி அனுப்பப்பட்டன. அதற்கு மாற்றாக வந்த கரைப்பான் வானுக்குத் தீங்கு செய்யாதது. ஆனால் மூடியைத் திறந்தாலே கண் எரியும். அதற்குக் காரத்தண்ணி என்று பெயர் வைத்தனர்.

காரத்தண்ணி வந்தபின் அந்த அம்மையாருக்கு இருமல் பற்றிக்கொண்டது. வறட்டு இருமல்; இறுதியில் ஒரு விசில் ஒலியோடு மூச்சு இழுக்கும். களஞ்சியத்துக்கும் மெருகுக் கூடத்துக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அதனை ஒட்டித்தான் பொறுப்பாளரின் இருக்கை. நான் அவரோடு அமர்ந்து குப்பிகளின் குறிப்புகளைச் சரிபார்க்கும் வேளைகளில் அவ்விருமல் சுவரைக் கடந்து வரும். அவர் கை அப்படியே நின்றுவிடும். இருமல் ஓய்ந்த பிறகுதான் அடுத்த குப்பியை எடுப்பார்.

சில கிழமைகளில் இருமல் நின்றது.

"பழகிடுச்சு போல சார்" என்றார் பொறுப்பாளர். முகம் மலர்ந்திருந்தது. மாலை வண்டியில் மட்டும் எப்போதாவது அந்த அம்மையார் சேலைத் தலைப்பை வாயில் வைத்து இருமுவார். கணவர் திரும்பிப் பார்த்தால், "ரயில் தூசு" என்பார்.

கூடத்துப் பெண்களுக்கு வேதிப்பொருள்களைப் பற்றி எடுத்துரைப்பதும் என் பணியில் அடங்கும். இருமல் நிற்பதற்குச் சற்று முன்னர், ஒருநாள் உணவு வேளை நெருங்கும்போது ஓசோன் படலத்தைப் பற்றிப் பேசினேன். கதிரவனின் கடுங்கதிர்களை அது தடுப்பதையும், குளிர்தண்ணி போன்றவை மெல்ல மேலேறி அதை அரிப்பதையும், அதனால்தான் படைத்துறை அப்பொருளை வாசலுக்குள்ளேயே விடுவதில்லை என்பதையும் சொன்னேன்.

"சார், அந்தத் தண்ணி ஷூல ஒட்டிக்கினு போவுமா?" என்று அந்த அம்மையார் கேட்டார்.

"பெரும்பாலும் ஆவியாப் போயிடும்மா. பசைக்குள்ள கொஞ்சம் தங்கலாம்."

"தங்கினா?"

"ஆய்வகத்துல கண்டுபிடிச்சிடுவாங்க. அந்தச் சரக்கையே வாங்க மாட்டாங்க."

அவர் கையில் இருந்த காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் தம்பி மிலிட்டரில இருக்கறான் சார். பனி மலைல. போன்ல பேசினா பல்லு தந்தியடிக்கறது இங்க கேக்கும்."

"நாம செய்யற ஷூவ தன் தம்பிக்குத்தான் நேரா பார்சல் பண்றாங்கன்னு அக்காவுக்கு நெனப்பு" என்றாள் அடுத்த மேசைப் பெண்.

"போவாதுன்னு நீ கண்டியா?" என்றார் அவர். கூடம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றேன்.

கோடை முற்றிய நாள்களில் படைத்துறையின் ஆய்வாளர் வரவிருந்தார். அவர் வருமுன் கூடம் முழுவதையும் நான் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது வழக்கம். களஞ்சியத்தின் கடைக்கோடியில், பசைப் பீப்பாய்களுக்குப் பின்னால், தரையில் ஈரம் கண்டேன். மணல் குவித்து, அதன்மேல் நனைந்த சணற்சாக்கு போர்த்தியிருந்தது.

"இங்க ஏன் ஈரம்?"

"மேல தகரம் ஒழுவுது சார்" என்றார் பொறுப்பாளர்.

ஆம்பூரில் மழை பெய்து நெடுநாள் ஆகியிருந்தது. பாலாற்று மணல் காலைச் சுடும் பருவம் அது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குடியாத்தத்து நெசவாளர் வீடுகளை நான் அறிவேன். ஊடைநூல் சுற்றிய கட்டைகளை ஈரத்துணியில் பொதிந்துதான் தறியருகே வைத்திருப்பர். காய்ந்தால் நூல் அறும் என்று அடிக்கடி தொட்டுப் பார்த்து நீர் தெளிப்பர். அச்சாக்கு பொதியப்பட்டிருந்த விதம் அப்படியே அந்தக் கைப்பழக்கம்.

குனிந்து சாக்கை விலக்கினேன். மணலுக்குள் கழுத்துவரை புதைந்த ஒரு தகரக் குப்பி இருந்தது. மூடியைச் சற்றே தளர்த்தியதும் சீறியது. விரல்நுனியில் ஒரு சொட்டு பட்டுச் சில்லிட்டு மறைந்தது. கோடையின் வெம்மையே கொதிக்க வைத்துவிடும் நீர்மம் அது; அதனால்தான் அவருக்கு மணலும் சாக்கும் வேண்டியிருந்தன.

மூடியை இறுக்கிவிட்டு நிமிர்ந்தேன். அவர் கைகட்டி நின்றிருந்தார்.

"அவளுக்கு மட்டும்தான் சார். வேற யாருக்கும் குடுக்கல."

எல்லாக் குப்பிகளும் திரும்பிச் சென்றபோது இவ்வொன்றை மட்டும் அவர் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டார். காலையில் ஒவ்வொரு மேசைக்கும் மூடியிட்ட சிறு டப்பாவில் துடைக்கும் நீர்மம் வழங்குவது அவர் வேலை. மனைவியின் டப்பாவில் ஒரு பச்சை நூலைக் கட்டிவைத்து, அதில் மட்டும் குளிர்தண்ணியை ஊற்றிக் கொடுத்து வந்திருக்கிறார்.

"நீங்க கையெழுத்துப் போடறீங்க. தப்புன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார். "ஆனா செவுத்துக்கு அந்தாண்ட அவ மூச்சு இழுக்கறதக் கேட்டுக்கினு இந்தாண்ட நான் டப்பா அடுக்கிக்கினு இருக்கணுமா?"

"மேலாளரிடம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா டாக்டர் சீட்டு கேப்பாங்க. மூச்சுக் கோளாறுன்னு அதுல எழுதினா, கெமிக்கல் பக்கம் உனக்கு வேலை இல்ல, வூட்டுக்குப் போன்னுடுவாங்க. ஒரு தபா கை ஒடஞ்சு வூட்ல இருந்தா சார். செவுரயே பாத்துக்கினு உக்காந்திருந்தா. சோறு கூட நான்தான் கேட்டுப் போடணும். இங்க வந்தாதான் அவ அவளா இருக்கறா."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நெடி இல்லாமையால் ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. காற்றோட்டம் குறைந்த இடத்தில் அதன் ஆவி மிகுந்தால் நெஞ்சுத் துடிப்பே தடுமாறும். அவர் ஒரு பீப்பாயின் மேல் மெல்ல அமர்ந்தார்.

"அப்ப நான் அவளுக்குக் குடுத்தது?" என்று கேட்டார். 

"முதல்ல அவங்ககிட்ட சொல்லுவோம். அப்புறம் மேலாளர்" என்றேன்.

உணவு வேளையில் பின்முற்றத்துப் புங்கமர நிழலில் அம்மையார் தனியாக அமர்ந்திருந்தார். கணவர் எதிரே குந்தி, தலை குனிந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நச்சுத் தன்மையை நான் சொன்னவாறே சொன்னார். அம்மையார் உணவுப் பெட்டியை மூடிவைத்தார்.

"நான் அதத் தொடறதே இல்லய்யா."

"இன்னாமே சொல்ற?"

"சார் அன்னிக்குச் சொன்னாரு இல்ல, பசையில தங்கும்னு. அன்னிக்குத்தான் நீ மொதல்ல குடுத்த, அன்னிலேர்ந்து தொடல. காத்தால நீ குடுப்ப, வாங்கிக்குவேன். தோ, இந்த மரத்தடில ஊத்திடுவேன். பக்கத்து மேசையில இருக்கற காரத்தண்ணிய வாங்கித் தொடச்சுக்குவேன். அத வச்சுத் தொடச்சு என் தம்பி காலுக்கு அனுப்பச் சொல்றியா?"

"அப்ப இருமல்?"

"வந்தா இங்க வந்துருவேன். செவுத்துக்கிட்ட இருமினா உனக்குக் கேக்கும் இல்ல."

"ரயில்ல தூசுன்னியே."

"தூசும் இருக்குது."

அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மே, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

"எப்டிச் சொல்றது? பச்ச நூலக் கட்டி, யாரும் பாக்காம எடுத்தாந்து குடுக்கற. குடுக்கும்போது உன் மூஞ்ச நீ பாத்திருக்கியா?"

விலகி நிற்பதே முறை என்று எண்ணி இரண்டடி நகர்ந்தேன். ஆயினும் என் பணி நினைவுக்கு வந்தது. மரத்தடியில் ஊற்றியதும் ஒரு சொட்டு மிச்சமின்றிக் காற்றில் ஏறியிருக்கும் என்பதை அந்த அம்மையாரிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை. சொன்னேன்.

அவர் கிளைகளுக்கிடையே வானத்தை அண்ணாந்து பார்த்தார். "இன்னேரம் எம்மாந்தூரம் போயிருக்கும் சார்?"

"மெதுவாத்தான் போகும்மா. ஆண்டுக்கணக்காகும்."

"அப்ப இன்னும் போய்க்கினுதான் இருக்குது."

"வேணும்னா போய்க் கூப்ட்டு வரட்டா?" என்றார் கணவர்.

அம்மையார் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் இழுப்பாயிற்று. இம்முறை நடுவில் சுவர் இல்லை. கணவர் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்து, மூச்சு ஒழுங்குபடும் வரை எடுக்காமல் அமர்ந்திருந்தார். இடைவேளை முடிந்த சங்கு ஒலித்தது, இருவரும் எழவில்லை.

மேலாளர் கண்டிப்பான பெண்மணி. குறைந்த சொற்களில் பேசுபவர். நான் சொல்லி முடித்ததும், "அந்தக் குப்பி இப்ப எங்க?" என்று மட்டும் கேட்டார். முத்திரையிட்டுத் தனியறையில் வைத்திருப்பதைச் சொன்னேன். அவர் பொறுப்பாளரை நோக்கிக் கை நீட்டினார். களஞ்சியச் சாவிக்கொத்து மேசைமேல் வைக்கப்பட்டது. அம்மையாரையும் முடிவு தெரியும் வரை மேசைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த முதல் மேசையில் முடிந்த காலணிகளிலிருந்து சிலவற்றைப் பிரித்து, பசைப்பகுதியை வெட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அவர் சொல்லை நான் முழுமையாக நம்பினேன். எனினும் என் நம்பிக்கையை உறுதிமொழியில் எழுத இயலாது.

அன்று மாலை வீட்டில் சிற்றுண்டி உண்ணும்போது என் மனைவியிடம் இந்நிகழ்ச்சியைச் சொன்னேன். நல்லெண்ணத்தோடு கணவன் தருவதை, அவன் முகம் வாடக்கூடாதென்று வாங்கி மரத்தடியில் ஊற்றும் பெண்ணை எண்ணி வியந்துகொண்டிருந்தேன்.

"வியக்க என்ன இருக்கு?" என்றாள் அவள். "ஆம்பூர்லேர்ந்து ஆசையா ஒரு தோல் செருப்பு வாங்கிட்டு வந்தீங்களே, அதப் போட்டு நான் நடந்து பாத்திருக்கீங்களா?"

"நன்றாக இருக்கிறதென்று சொன்னாயே."

"நல்லாத்தான் இருக்கு. கடிக்குது."

அடுக்களைப் பரணில் செருப்பு பெட்டியோடு இருந்தது. அட்டையில் சுற்றிய தாள் கூடக் கலையவில்லை. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

முடிவுக்காகக் காத்திருந்த நாள்களில் அவ்விணையர் வழக்கம்போல் குடியாத்தத்தில் ஏறினர். கணவர் தொழிலகத்தில் பிற ஏவல்களைச் செய்தார். அம்மையாருக்கு உணவுக் கூடத்தில் காய் நறுக்கும் வேலை தரப்பட்டது. வண்டியில் அவர் என்னை வானிலை கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், சாளரத்துக்கு வெளியே பார்த்தபடி, "வெங்காயம் கூட அந்தத் தண்ணியவிடத் தேவலாம் சார்" என்றார். பிறகு தம் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெருகுச் சாயம் மங்கி, நகக்கண் வெளுத்திருந்தது. அதை அவர் விரும்பவில்லை என்பது தெரிந்தது.

ஆய்வகத்தின் விடை வந்தது. எடுத்தனுப்பிய பகுதிகள் எதிலும் குளிர்தண்ணியின் சுவடு இல்லை.

உறுதிமொழியின் கடைசி வரியை நான் மாற்றி எழுதினேன். விலக்கப்பட்ட கரைப்பான் ஒரு குப்பி கூடத்தில் எஞ்சியிருந்தது கண்டறியப்பட்டது. அதில் ஒரு பகுதி காற்றில் கலந்துவிட்டது. எஞ்சியது முத்திரையிடப்பட்டு, எரித்து அழிக்கும் உரிமை பெற்றவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆய்ந்த காலணிகளில் அது காணப்படவில்லை. மேலாளர் அவ்வரிகளை நெடுநேரம் பார்த்தார். "இத எழுதாம விட்டா?" என்றார். "நான் கையொப்பம் இடாமல் விடுவேன்" என்றேன். தாளை என் பக்கம் தள்ளினார்.

ஆய்வாளர் வந்தார், படித்தார், புங்கமரத்தடி வரை நடந்து சென்று பார்த்தார். எஞ்சியதை ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டபோது நான் வாய் திறக்குமுன் மேலாளர் முந்திக்கொண்டார்.

"மாத்தா வந்தது நெடி ஜாஸ்தி. அத நாங்க முன்னாடியே கவனிச்சிருக்கணும்" என்றார்.

மேலாளர் அதைப் பேச்சளவில் விடவில்லை. ஆய்வாளர் சரக்கை ஏற்றுச் சென்றபின், கூடத்துப் பெண்கள் அனைவரையும் அழைத்துக் காரத்தண்ணியைப் பற்றிக் கேட்டார். முதலில் எவரும் பேசவில்லை. பிறகு அடுத்த மேசைப் பெண் தலைவலி என்றாள். வேறொருத்தி கண்ணெரிச்சல் என்றாள். அதன்பின் பேச்சை நிறுத்துவதுதான் கடினமாயிற்று. எல்லாரும் வீட்டுக்கு அனுப்பப்படுவோம் என்ற ஒரே அச்சத்தைத் தனித்தனியே சுமந்திருந்தனர். மொத்தக் கூடத்தையும் வீட்டுக்கு அனுப்ப முடியாதல்லவா?

காரத்தண்ணி அக்கூடத்திலிருந்து நீங்கியது. இப்போது பசைக்கறையைக் கட்டி ரப்பரால் தேய்த்து உருட்டி எடுக்கின்றனர். கை வலிக்கும், நேரம் பிடிக்கும், ஆனால் மூச்சுக்குத் தீங்கில்லை. அம்மையார் முதல் மேசைக்குத் திரும்பினார். வேலூரில் ஒரு மருத்துவரிடம் சென்று மூச்சிழுப்புக்கு உறிஞ்சு மருந்தும் வாங்கி வந்திருந்தார். பொறுப்பாளரை மேலாளர் அழைத்து, சாவிக்கொத்தைக் காட்டினார்.

"எடுத்துக்கினு போங்க. மேசையில எடம் அடைக்குது" என்றார். அவர் கையெடுத்துக் கும்பிட்டபோது, "இனிமே யாருக்கு மூச்சு வாங்கினாலும் மொதல்ல எங்கிட்ட" என்று சேர்த்துச் சொன்னார்.

சில கிழமை கழித்துக் களஞ்சியத்துக்குச் சென்றேன். பீப்பாய்களின் பின்புறம் உலர்ந்து கிடந்தது. வேதிப்பொருள்கள் உள்ள இடத்தில் குடிநீர் வைக்கலாகாது என்று நான் சொல்லியிருந்தேன். ஆகவே வாயிலுக்கு வெளியே, சுவர் நிழலில், அதே மணல் குவித்து ஒரு மண்பானை அமர்த்தப்பட்டிருந்தது. அதைச் சுற்றிலும் அதே சணற்சாக்கு, அதே பொதிவு. கைப்பிடியுள்ள குவளை ஒன்றில் பச்சை நூல் கட்டியிருந்தது.

"குடிங்க சார். இது நெசமான தண்ணி" என்றார் பொறுப்பாளர்.

குடித்தேன். நன்கு குளிர்ந்திருந்தது. உள்ளே அமர்ந்து புதிய பசையின் குறிப்புகளைச் சரிபார்க்கத் தொடங்கினோம். சற்றைக்கெல்லாம் அவர் கை பழையபடி நின்றது. நானும் செவி கொடுத்தேன். சுவருக்கு அப்பால் அம்மையாரின் குரல், இடைவெளியின்றி, ஏதோ ஒரு கதையை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தது. நடுநடுவே கூடம் சிரித்தது.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"நம்ம மரத்தடிக் கதைதான் சார். தெனம் ஒருத்திக்குச் சொல்றா. இன்னிக்கு நான் அழுதேன்னு சேத்துக்கினா."

"அழுதீங்களா?"

அவர் சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்தார். கதை முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து வெளியே போய், சாக்கைத் தொட்டுப் பார்த்து, ஒரு கை நீரை அதன்மேல் தெளித்துவிட்டு வந்து அடுத்த குப்பியை எடுத்தார்.